பனிக்கட்டியில் ஒரு ஹாக்கி! கரிசல் மண்ணில் ஒரு ஹாக்கி!

தூத்துக்குடிக் கடற்கரையில் "ஐஸ்" என்றால் மீன்தான் நினைவுக்கு வரும்.

பொழுது விடியுமுன் மீன்பிடி துறைமுகத்தில் போய் நின்று பாருங்கள். ஐஸ் பாளங்களை உடைத்துப் படகுகளில் ஏற்றிக் கொண்டிருப்பார்கள். சீலாவும் பாறையும் கெடாமல் கரை வந்து சேர வேண்டும் அல்லவா? அதற்கு ஐஸ் வேண்டும்.

அந்த ஐஸ் மேலே காலில் கத்தியைக் கட்டிக் கொண்டு ஓடுகிறார்கள், கையிலே கம்பு வைத்துக் கொண்டு பந்தயம் ஆடுகிறார்கள் என்று சொன்னால் நம் ஊர்க்காரர்கள் நம்புவார்களா?

ஆத்தூரில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால். தாத்தா அகத்தி நிழலில் உட்கார்ந்து வெற்றிலையை எண்ணிக் கவுளி கட்டுகிறார். பேரன் பக்கத்தில் இருக்கிறான். இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக் கொள்வோம்:

"ஏலே, ஐஸ் கட்டி மேல பந்தடிக்கானாமே, நெசமா?"

"ஆமா தாத்தா! அது பந்து இல்லை, ரப்பர் வில்லை. அதுக்குப் பேரு ஐஸ் ஹாக்கி."

"வழுக்கி விழ மாட்டானா?"

"விழுவான். எந்திரிச்சு மறுபடியும் ஓடுவான்."

"சரிதான். இங்கே ஐஸுக்கு எங்கலே போக? வெறும் ஹாக்கியாவது நம்ம பக்கம் உண்டா?"

பேரன் சொல்ல வேண்டிய பதில் இது: "உண்டு தாத்தா. நம்ம ஜில்லாவிலேயே உண்டு!"

அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

16 வயதில் வீட்டை விட்டு...

முதலில் பனி தேசத்தைப் பார்த்து விட்டு வருவோம்.

கனடாவில் "ஹாக்கி" என்றால் ஐஸ் ஹாக்கிதான். நம்முடைய ஹாக்கியைக் குறிப்பிட வேண்டுமானால் "மைதான ஹாக்கி" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நமக்கோ நேர் எதிர்!

1875-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி கனடாவின் மாண்ட்ரீல் நகரில் கூரை போட்ட பனித் தளம் ஒன்றில் ஒரு பந்தயம் நடந்தது. இன்றைய ஐஸ் ஹாக்கியின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். மாண்ட்ரீல் என்ற பெயரை மறந்து விடாதீர்கள். இந்தக் கதையில் அந்த ஊர் மறுபடியும் வரும். அப்போது நம் வயிற்றில் அடித்து விட்டுப் போகும்!

ஒரு பக்கத்துக்கு 6 பேர். அதில் ஒருவர் கோல் கீப்பர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகளாக ஆட்டம். அடிக்கப்படுவது உருண்டைப் பந்து அல்ல. 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள கெட்டி ரப்பர் வில்லை. ஒருவர் முக்கால் நிமிடம் போல ஓடுவார். மூச்சு வாங்கும். உடனே வெளியே வந்து உட்கார்ந்து விடுவார். அடுத்தவர் உள்ளே பாய்வார். ஆட்டம் நிற்காது!

அங்கே இளைஞர்களுக்கென்று பெரிய "ஜூனியர் லீக்" பந்தயங்கள் நடக்கின்றன. 16 வயதிலிருந்து 20 வயது வரை உள்ள பையன்கள் ஆடுகிறார்கள். மூன்று லீக்குகள். அறுபதுக்கு மேற்பட்ட அணிகள். செப்டம்பரில் தொடங்கினால் மார்ச் வரை ஓயாது. ஒவ்வோர் அணியும் அறுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடித் தீர வேண்டும். அதற்குப் பிறகு வெற்றி பெற்றவர்களுக்குள் மோதல். கடைசியில் "மெமோரியல் கோப்பை". முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் நினைவாக 1919-ல் ஏற்பட்டது அந்தக் கோப்பை.

ஆட்டத்தை விட ஆச்சரியமானது ஒன்று உண்டு. அணி ஒரு ஊரில் இருக்கும். பையன் வேறு ஊர்க்காரனாக இருப்பான். 16 வயதுப் பிள்ளை தாய் தகப்பனை விட்டு வருகிறான். அந்த ஊரில் யாரோ ஒரு குடும்பத்தார் அவனைத் தங்கள் வீட்டில் தங்க வைத்துக் கொள்கிறார்கள். சோறு போடுகிறார்கள். பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள். சனி ஞாயிறுகளில் அவன் பஸ் ஏறி, பனி கொட்டும் சாலையில் பல மணி நேரம் போய், ஆடி விட்டு வருகிறான்.

ஐஸ் ஹாக்கியின் பெரும் புள்ளி வெய்ன் கிரெட்ஸ்கி கூட 1977-78 பருவத்தில், 16 வயதில், இப்படி வீட்டை விட்டுப் போய் ஆடியவர்தான்.

ஆடுகிறவர்கள் எல்லோரும் கிரெட்ஸ்கி ஆகி விடுகிறார்களா? இல்லை. தொழில் முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் சிலரே. மற்றவர்கள் படிப்பைப் பிடித்துக் கொண்டு கரையேறுகிறார்கள். அங்கேயும் பெற்றவர்களின் கவலை அதுதான்: "ஆட்டம், ஆட்டம் என்று அலைந்து விட்டுக் கடைசியில் பிள்ளை என்ன ஆவான்?"

இந்தக் கேள்விக்குப் பனி தேசம், வெயில் தேசம் என்ற பேதம் கிடையாது!

லடாக்கின் குளம்

இந்தியாவில் ஐஸ் ஹாக்கி கிடையாது என்று நினைத்து விடாதீர்கள். உண்டு!

லடாக்கில் லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. குளிர் காலத்தில் அங்கே குளங்கள் பாறை போல உறைந்து விடும். அந்தக் குளங்கள்தான் மைதானம். ராணுவ வீரர்கள் ஆடினார்கள். ஊர்ப் பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு பிள்ளைகளும் ஆடத் தொடங்கினார்கள். இன்று பெண்களும் சளைக்கவில்லை. 2025-ல் ஐக்கிய அரபு நாடுகளின் அல் அயின் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலப் பதக்கம் வாங்கியது. அந்த அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள்!

ஆனால், அவர்களுக்கும் ஒரு கவலை. இயற்கைப் பனியில் ஆடக்கூடிய காலம் ஆண்டில் இரண்டு மாதம் போலத்தான். உலகம் சூடேறிக் கொண்டே போகிறது. குளம் தாமதமாக உறைகிறது, சீக்கிரம் உருகுகிறது. தரை இருந்தால் ஆட்டம். தரை உருகினால் ஆட்டம் முடிந்தது.

தரைதான் ஆட்டத்தின் தலையெழுத்து. இது பனி ஹாக்கிக்கு மட்டுமா? நம் ஹாக்கிக்கும் அதுதான்!

கரிசல் காட்டு ஹாக்கி ஊர்

இப்போது நம் ஜில்லாவுக்கு வருவோம்.

ஆத்தூரிலிருந்து பஸ் ஏறினால் முக்காணி, பழையகாயல் வழியாகத் தூத்துக்குடி. அங்கிருந்து வடமேற்கே இன்னொரு பஸ். தாமிரபரணியின் ஈரம் பின்னால் போய் விடும். வாழையும் வெற்றிலையும் மறைந்து விடும். பருத்தியும் உளுந்தும் விளையும் கரிசல் பூமி விரியும். மொத்தத்தில் சுமார் 90 கிலோ மீட்டர். அங்கே இருக்கிறது கோவில்பட்டி.

கோவில்பட்டி என்றால் என்ன நினைவுக்கு வருகிறது? கடலை மிட்டாய்! 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. (நம் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் கிடைத்தது.) அடுத்தது தீப்பெட்டி. அதற்கடுத்தது பஞ்சாலை. விளையாட்டு ரசிகரைக் கேட்டால் முதல் பதிலே வேறு.

"ஹாக்கி!" என்பார்.

நாடெங்கும் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக் கொண்டு பிள்ளைகள் திரியும்போது, இந்த ஊரிலும் சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலும் பையன்கள் வளைந்த மட்டையைத் தூக்கிக் கொண்டு போகிறார்கள். கடற்கரைக் கிராமங்களில் கால் பந்து எப்படியோ, அப்படி இங்கே ஹாக்கி. தகப்பன் ஆடினான், மகன் ஆடுகிறான். தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை ஓரமாக நிறுத்தி விட்டு ஆட்டம் பார்க்கிறார்கள். பார்ப்பதோடு நிற்பார்களா? "பாஸ் கொடுலே! இடது பக்கம் பாருலே!" என்று கரையிலிருந்தே பாடம் நடத்துவார்கள்!

மே மாதம் வந்தால் ஊருக்கே திருவிழா. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும். ரெயில்வே, கடற்படை, பாங்கி, எண்ணெய்க் கம்பெனி என்று வடக்கேயிருந்தெல்லாம் பெரிய பெரிய அணிகள் வந்து இறங்கும். பகலில் கத்திரி வெயில் கொளுத்தும். இரவில் மின்சார விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். பஞ்சாப் வீரர் பந்தைத் தள்ளுகிற லாகவத்தைக் கரிசல் காட்டுப் பையன் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். மறுநாள் காலை அதே மாதிரி தானும் தள்ளிப் பார்க்கிறான். இதை விடப் பெரிய பாடசாலை ஏது?

2022 மே மாதம் ஜூனியர் ஆண்களுக்கான தேசிய ஹாக்கிப் போட்டியே கோவில்பட்டியில்தான் நடந்தது. தலைநகரமும் அல்ல, பெரு நகரமும் அல்ல. ஒரு நகராட்சி ஊர். அங்கே இந்தியாவின் மாகாணங்களிலிருந்தெல்லாம் பையன்கள் வந்து கூடினார்கள்!

மாண்ட்ரீலில் விழுந்த அடி

மாண்ட்ரீலை மறந்து விடாதீர்கள் என்று சொன்னோம் அல்லவா? இதோ வந்து விட்டது.

ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா 8 முறை தங்கம் வாங்கிய நாடு. 1928-ல் தொடங்கி 1956 வரை நடந்த ஆறு ஒலிம்பிக் பந்தயங்களிலும் தங்கம் நமக்கே. 1964-ல் மறுபடியும் தங்கம். 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை. அந்த வெற்றி அணியில் நம் தமிழ்நாட்டு வி. ஜே. பிலிப்சும் இருந்தார்.

மறு ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக். இந்திய அணி போய் இறங்கியது. பார்த்தால் புல்லும் இல்லை, மண்ணும் இல்லை! செயற்கை இழையால் நெய்த தரை. ஒலிம்பிக் ஹாக்கிக்கு அப்படித் தரை போட்டது அதுதான் முதல் தடவை. உலகக் கோப்பை வென்ற இந்தியா 7-வது இடத்துக்குப் போய் விட்டது. பதக்கம் இல்லாமல் வீடு திரும்பியது அதுவே முதல் முறை!

என்ன நடந்தது?

மண் தரையில் பந்து குதிக்கும், திரும்பும், நிற்கும். அதை அடக்க மணிக்கட்டு வேலை வேண்டும். கண்ணும் கையும் கூட்டாக வேலை செய்ய வேண்டும். அதில் நம்மவர்கள் மன்னர்கள். செயற்கைத் தரையில் பந்து கோடு போட்ட மாதிரி நேராகப் பாயும். அங்கே வேகம் வேண்டும், மூச்சு வேண்டும், உடற்கட்டு வேண்டும். தரை மாறியது, ஆட்டமே மாறிப் போயிற்று.

1980-ல் மாஸ்கோவில் தமிழ்நாட்டு வீரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்ற கோல் கணக்கில் வென்று தங்கம் வாங்கியது. அதற்குப் பிறகு அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 41 ஆண்டுகள் காத்திருக்க வேண்டி வந்தது! 2021-ல் டோக்கியோவில் வெண்கலம். 2024-ல் பாரிசில் மறுபடியும் வெண்கலம்.

பெரிய தேசத்துக்கே இந்தக் கதி என்றால் சிற்றூர்ப் பையனின் கதி என்ன? வெறும் கட்டாந்தரையில் பழகி விட்டு, பெரிய போட்டிக்குப் போகும்போது செயற்கைத் தரையில் நிற்பான். கால் பிடிபடாது. பந்து அவன் நினைத்ததற்கு முன்பே கடந்து போய் விடும். "பையனுக்குத் திறமை போதாது" என்று எழுதி விடுவார்கள். திறமை இருந்தது. தரைதான் இல்லை!

கோவில்பட்டிக்காரர்களுக்கும் இந்தக் குறை நெடுநாள் இருந்தது. 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் அந்த ஊருக்குச் செயற்கைத் தரை மைதானம் வந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும் அங்கே இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள், ஆடுகிறார்கள். கனடாக்காரன் யாரோ ஒரு குடும்பத்தில் தங்குகிறான். நம் பையன் அரசாங்க விடுதியில் தங்குகிறான். தாயை விட்டு வந்தவன் என்பதில் இருவரும் ஒன்றே.

ஜகார்த்தாவில் ஒரு கோல்!

தரை கிடைத்தால் என்ன நடக்கும்? இதோ சாட்சி.

2022 மே 23. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரம். ஆசியக் கோப்பை ஹாக்கி. இந்தியாவும் பாகிஸ்தானும் மோதுகின்றன. இந்திய அணியில் இளைஞர்கள் பலர். அவர்களில் இருவர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஒருவர் கோவில்பட்டி மாரீஸ்வரன். மற்றொருவர் அரியலூர் கார்த்தி. இருவரும் கோவில்பட்டி விடுதியில் பழகி வந்தவர்கள். இருவரும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள்.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. பாகிஸ்தான் கோலுக்குள் பந்து பாய்ந்தது. போட்டவர் யார்? கார்த்தி!

பாகிஸ்தான் கடைசி நேரத்தில் ஒரு கோல் போட்டு ஆட்டத்தைச் சமமாக்கி விட்டது. ஆனாலும், அந்த ஒரு கோல் கோவில்பட்டி மைதானம் வரைக்கும் கேட்டது. இந்தியா அந்தப் போட்டியில் வெண்கலம் வாங்கியது.

மறு ஆண்டு, 2023 ஆகஸ்டு மாதம், சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டி நடந்தது. கார்த்தி இந்திய அணியில் இருந்தார். இறுதி ஆட்டத்தில் இந்தியா மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி, பிறகு 4-3 என்று ஜெயித்தது. சென்னை ரசிகர்களின் கரகோஷத்துக்குக் கேட்க வேண்டுமா?

விடுதியில் இருக்கிற சிறுவனுக்கு இதன் பொருள் என்ன? "நான் படுக்கிற அறையில் படுத்தவர், நான் ஓடுகிற தரையில் ஓடியவர், இந்தியாவுக்கு ஆடுகிறார்!" இந்த ஒரு நினைப்பு போதும். அதிகாலை ஐந்து மணிக்கு அவனை எழுப்ப ஆள் வேண்டாம்!

ஒரு பருவம் எப்படி ஓடுகிறது?

நம் பையனின் ஹாக்கிப் பருவத்தைப் பார்ப்போம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். அணி திரட்டுவது உடற்பயிற்சி ஆசிரியரின் வேலை. 14 வயதுக்குள், 17 வயதுக்குள், 19 வயதுக்குள் என்று மூன்று பிரிவு. முதலில் குறுவட்டப் போட்டி. அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்டப் போட்டி. அதிலும் ஜெயித்தால் மாநிலப் போட்டி. ஒரு படி தவறினாலும் அந்த ஆண்டுக் கணக்கு அதோடு சரி!

இங்கேதான் கனடாப் பையனுக்கும் நம் பையனுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். அவன் ஒரு பருவத்தில் அறுபது ஆட்டத்துக்கு மேல் ஆடுகிறான். இன்று தோற்றால் நாளை மறுநாள் ஜெயித்துக் கொள்ளலாம். லீக் முறையின் சிறப்பு அதுதான். நம் பள்ளிக்கூடப் போட்டி "தோற்றால் வெளியே" முறை. முதல் ஆட்டத்தில் தோற்றவன் ஒரே ஓர் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகிறான். ஆண்டு முழுவதும் ஓடியது எதற்கு? 60 நிமிடத்துக்கு!

பயிற்சி வேறு, பந்தயம் வேறு. நீச்சல் கற்றவனைக் கடலில் இறக்கினால்தானே தைரியம் வரும்? அதிக ஆட்டங்கள் வேண்டும், ஜில்லாவுக்குள்ளேயே பையன்களுக்கு லீக் வேண்டும் என்று ஹாக்கி அபிமானிகள் சொல்வது இதனால்தான். தோற்றவனுக்கும் அடுத்த வாரம் ஓர் ஆட்டம் இருக்க வேண்டும். தோற்றவன்தானே கற்றுக் கொள்ள வேண்டியவன்?

டிசம்பர், ஜனவரியில் படிப்பின் நெருக்கடி. மார்ச், ஏப்ரலில் பரீட்சை. ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறைப் பயிற்சி முகாம். அப்போதுதான் விளையாட்டு விடுதிகளுக்கு ஆள் எடுப்பதும் நடக்கும். 7, 8, 9, 11-ம் வகுப்பில் சேரும் மாணவர்களைச் சோதித்துப் பார்த்து எடுக்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு நாள்தான் தலைவிதியைத் தீர்மானிக்கும் நாள்.

மட்டை என்ன விலை?

ஹாக்கி ஏழையின் ஆட்டம் என்று சொல்வது உண்டு. ஒரு காலத்தில் அது உண்மை. முசுக்கட்டை மரத்தில் செய்த மட்டை ஜலந்தரிலிருந்து வரும். ஒரு மட்டை இருந்தால் அண்ணனும் தம்பியும் ஆடலாம்.

இப்போது செயற்கைத் தரைக்கு ஏற்ற கார்பன் இழை மட்டை வந்து விட்டது. நல்ல மட்டை ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை. அந்தத் தரைக்கென்று தனிச் செருப்பு வேண்டும். கோல் கீப்பருக்குத் தலை முதல் கால் வரை கவசம். அதற்குப் பல்லாயிரம் ரூபாய்! தினக் கூலி வாங்குகிற தகப்பன் எங்கே போவான்?

தரைக்கும் செலவு உண்டு. போட்டு விட்டால் நம் தாத்தா காலம் வரை கிடக்கும் என்று நினைக்கக் கூடாது. இத்தகைய தரையின் ஆயுள் பத்து ஆண்டு போலத்தான். தேய்ந்தால் மாற்ற வேண்டும். அது கோடிக் கணக்கு. மேலும், ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரத்தில்தான் பந்து சீராக ஓடும்; விழுந்தாலும் தோல் உரியாது.

கோவில்பட்டி தண்ணீருக்குத் தவித்த ஊர். அந்த ஊருக்குக் குடிநீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிறது. எந்த ஆற்றுத் தண்ணீர் தெரியுமா? தாமிரபரணி! நம் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்குப் பாய்கிற அதே ஆறு! தண்ணீரின் அருமை தெரிந்த ஊரில் தரைக்குத் தண்ணீர் தெளிப்பது சாமான்யமா? தண்ணீர் தெளிக்காமலே ஆடக் கூடிய தரைக்கு உலக ஹாக்கி சம்மேளனம் வழி தேடிக் கொண்டிருக்கிறது. அப்படி ஒரு தரை வந்தால் முதலில் சந்தோஷப்பட வேண்டியது கரிசல் காட்டுக்காரர்கள்தான்!

உலகமே வந்தது

2025-ம் ஆண்டு நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஒரு பெரிய காரியம் தமிழ்நாட்டில் நடந்தது. 21 வயதுக்கு உட்பட்டவர்களின் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி. சென்னையிலும் மதுரையிலும் பந்தயங்கள். 24 நாடுகள்! போட்டியின் சின்னம் "காங்கேயன்" என்ற ஜல்லிக்கட்டுக் காளை.

கோவில்பட்டிக்கு மதுரை எட்டிப் பிடிக்கும் தூரம். மதுரையில் இதற்கென்றே புது மைதானம் எழுந்தது. உலகக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்து வந்த தென்பாண்டிச் சீமைப் பையன்கள், பஸ் ஏறிப் போய் நேரில் பார்க்கும் காலம் வந்தது.

2001-லும் 2016-லும் இந்தக் கோப்பையை வென்ற நாடு இந்தியா. இம்முறை அரை இறுதியில் ஜெர்மனியிடம் 5-1 என்று தோற்றது. எல்லோருக்கும் மனம் உடைந்தது. மூன்றாவது இடத்துக்கு அர்ஜெண்டினாவோடு ஆட்டம். அதிலும் 0-2 என்று பின்னால் கிடந்தது. ஆட்டத்தில் நான்கு கால் பகுதி உண்டு அல்லவா? மூன்று முடிந்து விட்டது. மிச்சம் 15 நிமிடம்!

அந்த 15 நிமிடத்தில் நம் பையன்கள் நான்கு கோல் போட்டார்கள்! 4-2. வெண்கலம் இந்தியாவுக்கு! பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். டோக்கியோவிலும் பாரிசிலும் இந்தியாவின் கோலைக் காத்த அதே ஸ்ரீஜேஷ்.

முந்தின ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கி அடிபட்டவர்கள் மூன்றே நாளில் எழுந்து நின்றார்கள். ஒரு தோல்விக்குப் பிறகு இன்னோர் ஆட்டம் இருந்ததால்தானே அது முடிந்தது? பள்ளிக்கூடப் பையனுக்கும் அதைத்தான் கேட்கிறோம்.

பிள்ளை என்ன ஆவான்?

"எல்லாம் சரிதான். ஹாக்கி ஆடினால் சோறு கிடைக்குமா?"

பெற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். தப்பில்லை.

பதில் இதுதான். ரெயில்வே, ராணுவம், கடற்படை, போலீஸ், பாங்கி முதலியவற்றில் விளையாட்டு வீரர்களுக்கு வேலை உண்டு. தமிழ்நாடு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிகளில் இடம் கிடைக்கிறது. ஹாக்கி இந்தியா லீக் 2024 கடைசியில் மறுபடியும் தொடங்கியது. அதில் நம் மாநிலத்தின் பெயரால் "தமிழ்நாடு டிராகன்ஸ்" என்ற அணியும் உண்டு. வீரர்களை ஏலத்தில் லட்சக் கணக்கில் எடுக்கிறார்கள்.

ஆனால் எல்லோருக்கும் ஏலம் கிடையாது. நூறு பேர் ஆடினால் ஒருவர் இந்தியாவுக்கு ஆடுவதே அபூர்வம். சிலர் வேலை பெறுவார்கள். மிச்சப் பேர் படிப்பை விட்டு விடாமல் இருந்தால்தான் தப்பிப்பார்கள். ஆகவே, மட்டையைப் பிடிக்கிற கையில் புத்தகமும் இருக்க வேண்டும். கனடாவில் 16 வயதுப் பையனுக்குச் சொல்லும் புத்திமதியும் இதுவே!

ஆத்தூர்ப் பையனுக்கு...

மறுபடியும் ஆத்தூர் கொடிக்காலுக்கு வருவோம்.

வெற்றிலைக் கொடி நட்ட உடனே இலை பறிக்க முடியாது. முதலில் அகத்தி போட வேண்டும். அது வளர்ந்து நிழல் தர வேண்டும். பிறகு கொடியை அதில் ஏற்றிக் கட்ட வேண்டும். ஒரு நாள் தண்ணீர் கட்டத் தவறினாலும் வாடும். தண்ணீர் தேங்கினாலும் அழுகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரை புரண்டு வந்ததே, அப்போது இந்தப் பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமா? ஆனாலும், வெள்ளம் வடிந்ததும் மறுபடியும் மண்ணைக் கொத்தினார்கள்.

பிள்ளைகளை வளர்ப்பதும் அப்படித்தான். கொடி தானாக ஏறாது. பிடித்துக் கொள்ள ஓர் அகத்தி வேண்டும். கோவில்பட்டியில் ஓர் அகத்தி நிற்கிறது. மைதானம் இருக்கிறது, விடுதி இருக்கிறது, ஆடி ஜெயித்த அண்ணன்மார் இருக்கிறார்கள். ஆத்தூரிலிருந்தும், ஏரலிலிருந்தும், புன்னைக்காயலிலிருந்தும் ஒரு பையன் அங்கே போய்ச் சேர வேண்டுமானால், முதலில் அவன் கையில் யாராவது ஒரு மட்டையைக் கொடுக்க வேண்டும். செயற்கைத் தரை ஊருக்கு ஊர் போட முடியாது. ஒரு மண் மைதானம், பத்து மட்டை, இரண்டு பந்து, அக்கறையுள்ள ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகள் தொடங்குவதற்கு இவ்வளவு போதும். இதை ஒரு பள்ளிக்கூடமும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்தால் செய்து விடலாம்.

தாத்தா கவுளியைக் கட்டி முடித்து விட்டார். பேரனைப் பார்க்கிறார்.

"ஏலே, கோவில்பட்டிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"எதுக்கு தாத்தா?"

"மே மாசம் ஆள் எடுக்கானுவன்னு சொன்னியே. போய்ப் பார்த்துட்டு வருவோம். எடுத்தா ஆடு. எடுக்காட்டி திரும்பி வா. அடுத்த வருஷமும் மே மாசம் வரத்தானே போகுது!"